பெஞ்சோடு வந்த விருந்தாளி

ஊமத்தம்பட்டியில் போய் யாரையாவது முட்டாள் என்று திட்டினால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "அப்படி யாரும் இந்தத் தெருவுல இல்லீங்களே, மேலத்தெருவுல விசாரிச்சுப் பாருங்க" என்று வழிகாட்டி அனுப்புவார்கள். அவ்வளவு தங்கமான மனுஷர்கள்.

அந்த ஊரில் எலியாவு என்று ஒருத்தர் இருந்தார். ஏலக்காய் வாங்க மலையடிவாரத்துக்கு வந்து அப்படியே தங்கிப்போன யூதக் குடும்பம். ஒரு காலத்தில் ஏழெட்டு வீடாக இருந்தவர்கள், கொச்சிக்குப் பாதி, கடல் தாண்டி மீதி என்று கிளம்பிப் போய்விட்டார்கள். மிச்சம் நின்றது ஓடு வேய்ந்த ஒரு ஜெபக்கூடம், அதற்குப் பின்னால் சுவர் வைத்த கல்லறைத் தோட்டம், இரண்டையும் பூட்டித் திறக்க எலியாவு.

வருஷத்துக்கு ஒருதரம், எலியாவின் அப்பா பினெகாஸ் இறந்த நாளுக்கு, போன சொந்தமெல்லாம் வந்து கூடும். ஜெபக்கூடத்தில் மகன் எழுந்து நின்று காதிஷ் சொல்வார். இறந்தவருக்காகச் சொல்லும் ஜெபம் அது. சொல்வதற்கு வாயும் மனசும் இருந்தால் மட்டும் போதாது. வயசுக்கு வந்த ஆண்கள் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். ஒன்பது பேர் கூடி உருண்டு புரண்டு அழுதாலும் செல்லாது.

ஒரு வருஷம் ஜெபக்கூடத்தில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். பத்தாவது ஆள் பஸ் ஸ்டாப்பில் இருந்தார்.

அவர் எசக்கியேல். எலியாவின் அக்கா சிம்ஹாவைக் கட்டியவர். அவர் ஏன் பஸ் ஸ்டாப்பில் இருந்தார் என்றால், அதற்கு முந்தின வருஷத்துக்குப் போக வேண்டும். முந்தின வருஷம் எலியாவு தன் ஏலக்காய்க் கிட்டங்கி ஆட்கள் நான்கு பேரிடம், "எங்க வழக்கப்படி கல்லறையைப் பார்க்க வர்றவங்க ஒரு கல்லு வச்சுட்டுப் போவோம். நீங்களும் வைக்கலாம்" என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் கூழாங்கல் வைத்தார்கள். இந்த நாலு பேரும், பெரிய முதலாளிக்குச் சின்னக் கல்லா என்று கூடிப் பேசி, ஒரு ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு வந்து தலைமாட்டில் சாத்தினார்கள். தலைக்கல் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோனது.

"மாமனார் கல்லு சாஞ்சிருக்கே" என்றார் எசக்கியேல்.

"கல்லு நேராத்தான் இருக்கு. உங்க தலை சாஞ்சிருக்கு மச்சான்" என்றார் எலியாவு.

அவ்வளவுதான். அடுத்த வருஷம் எசக்கியேல் பஸ்ஸை விட்டு இறங்கினார். ஊருக்கு வெளியே, பஸ் ஸ்டாப்பை ஒட்டிய டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். "அவன் வந்து கூப்பிடட்டும், ஊருக்குள்ள கால் வைக்கிறேன்." ராத்திரி கடைக்குப் பின்னால் டீக்கடைக்காரர் வீட்டில் படுக்கை, விடிந்தால் பெஞ்சு. எலியாவோ, "கல்லறைக்கு வழி தெரிஞ்ச மனுஷனை எதுக்குக் கூப்பிடணும்? வரணும்னா வரட்டும்" என்று நின்றார். ஊமத்தம்பட்டித் தண்ணீர் யாரையும் சும்மா விடுவதில்லை.

போதாததற்கு, நினைவு நாள் சனிக்கிழமையில் வந்து விழுந்திருந்தது. வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி மாலை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள். விளக்குப் போடக் கூடாது, அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. அடுத்தவனைச் செய்யச் சொல்லி ஏவவும் கூடாது. பக்கத்தில் இருப்பவன் குறிப்பறிந்து தானாகச் செய்தால் அது அவன் பாடு. பினெகாஸ் இருந்த காலத்தில், "அடடா, இருட்டிட்டுதே" என்பார். வேலையாள் விளக்கைப் போடுவான்.

எலியாவுக்கு வாய்த்தவர்களோ ஆட்டுக்கல் உருட்டிய அந்த நால்வர்: வெள்ளைமாயன், மொக்கையன், சுருளியாண்டி, அப்புறம் ஒண்டிவீரன். ஒண்டிவீரன் பேச மாட்டான், யோசிப்பான். அதனால் அவன்தான் அவர்களில் ஆபத்தானவன்.

வெள்ளிக்கிழமை மாலை நால்வரையும் நிற்க வைத்து எலியாவு விளக்கினார். "நல்லாக் கேட்டுக்கங்க. பொழுது சாஞ்சதும் நான் ஒரு வேலையும் ஏவ மாட்டேன். சும்மா பேசுவேன். நீங்களாப் புரிஞ்சுக்கணும்."

"புரிஞ்சுக்கிட்டு?" என்றான் வெள்ளைமாயன்.

'செய்யணும்' என்று சொல்ல எலியாவு வாயைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி முடிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

ஜெபக்கூடம் இருளத் தொடங்கியது.

"ரொம்ப இருட்டா இருக்கு" என்றார் எலியாவு, பொதுவாக, கூரையைப் பார்த்து.

"ஆமாங்க மொதலாளி" என்றான் மொக்கையன்.

"புத்தகத்துல எழுத்தே தெரியல."

"எங்களுக்கு வெளிச்சத்துலயும் தெரியாதுங்க."

"லைட்டு சுவிட்சு அந்தச் செவத்துலதான் இருக்கு."

மொக்கையன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "அங்கனதாங்க இருக்கு. எங்கயும் போகல."

"எல்லாம் புரிஞ்சுதாடா?" என்று வெள்ளைமாயன் கேட்டான். நால்வருக்கும் நன்றாகப் புரிந்திருந்தது. திருப்தியாக இருட்டில் உட்கார்ந்தார்கள். ஒன்பது பேரும் ஜெபத்தை மனப்பாடமாகச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு பக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் சிம்ஹா அந்த நால்வரைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா, எங்க தம்பி சும்மா பேசுறான்னு நெனச்சீங்களா? அவன் பேச்சு ஒவ்வொண்ணுலயும் ஒரு வேலை ஒளிஞ்சிருக்கும்டா!"

வெள்ளைமாயன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஒவ்வொண்ணுலயுமாம்மா?"

"ஒவ்வொண்ணுலயும்."

"அடப்பாவமே. ஒரு ராத்திரி வேலை பூரா வீணாப் போச்சே" என்றான் சுருளியாண்டி. உண்மையிலேயே வருத்தப்பட்டான்.

எலியாவு வெளியே வந்து சோம்பல் முறித்தார். "நல்ல காத்து வருது இன்னிக்கு" என்றார்.

நால்வரும் கொய்யா மரத்தடியில் கூடினார்கள்.

"காத்து வருதாம். அதுல என்ன வேலை?"

"வர்றவங்களை வாசல்ல நிறுத்தி வைக்கலாமாடா? கதவைத் தொறக்கணும்."

"கதவு தொறந்துதான இருக்கு."

"அப்ப, கதவே இருக்கக் கூடாதுங்குறாரு."

ஜெபக்கூடத்தின் மேற்கு வாசல் கதவு இரண்டையும் கீலிலிருந்து கழற்றிக் கொய்யா மரத்தில் சாய்த்தார்கள். எலியாவு பார்த்தார். திரும்ப மாட்டு என்று ஏவ முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிடப் போனார். அங்கே முந்தின நாள் சுட்ட ரொட்டியை ஒரு கடி கடித்து, "கல்லு மாதிரி இருக்கே!" என்றார்.

பிறகு ரொட்டியைக் காணோம். மொத்தக் கூடையையும் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பெரிய முதலாளியின் கல்லறைமேல் வரிசையாக வைத்துவிட்டு, வேலை முடிந்த முகத்தோடு திரும்பினார்கள் நால்வரும். ஒன்பது ஆண்களும் சிம்ஹாவும் வாழைப்பழம் சாப்பிட்டார்கள். அதற்கப்புறம் எலியாவு பேசுவதையே நிறுத்திவிட்டார். இருமல் வந்தபோதுகூட அடக்கிக்கொண்டார்.

வெயில் இறங்கியது. சிம்ஹா வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். "பொழுது போயிட்டா நாளும் போயிரும்டா. அப்பாவுக்குக் காதிஷ் இல்லாம ஒரு வருஷம் போகலாமா? எந்திரிச்சுப் போய் உன் மச்சானை ஒரு வார்த்தை கூப்பிடு."

எலியாவுக்கு எழுந்து போகத்தான் கால் துடித்தது. போக விடாமல் பிடித்திருந்ததும் அதே கால்தான். பதினோரு வருஷமாக ஒரு வருஷமும் தவறவிடாத ஜெபம். எசக்கியேலைக் கூப்பிடுவது என்றால் கல் சாய்ந்திருந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

"அப்பாவே வந்து நின்னார்னா பத்து ஆயிரும்" என்று பெருமூச்சு விட்டார்.

வாசலில் நின்ற நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தமில்லாமல் நழுவினார்கள். மண்வெட்டியும் கடப்பாரையும் கிட்டங்கியில் இருந்தன.

"பெரிய மொதலாளியை வெளிய எடுத்ததும் நிக்க வைக்கணுமா, உக்கார வைக்கணுமா?" என்று வழியில் மொக்கையன் சந்தேகம் கேட்டான்.

"நின்னாத்தான் பத்துன்னாரு."

"இத்தனை வருஷமாப் படுத்தே கெடந்தவருடா. சடார்னு நின்னா கிறுகிறுன்னு வரும்."

"அதுவும் சரிதான். மொதல்ல கொஞ்சம் உக்காரட்டும். ஒரு பெஞ்சு கொண்டுவா."

மொக்கையனும் ஒண்டிவீரனும் டீக்கடைக்குப் போனார்கள். அங்கே பெஞ்சில் எசக்கியேல், ஊருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"எசக்கி அய்யா, கொஞ்சம் எந்திரிங்க. பெஞ்சு வேணும்."

"யாருக்கு?"

"பெரிய மொதலாளி உக்கார்றதுக்கு."

"எந்தப் பெரிய மொதலாளி?"

"உங்க மாமனாருங்க. வெளிய எடுத்துக்கிட்டு இருக்கோம்."

எசக்கியேல் ஊருக்குள் கால் வைத்தார். ஒரு கால், மறு கால் என்று வைக்கவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்தமாதிரி ஓடினார். அவர் கூப்பாடு கேட்டு எலியாவும் மற்றவர்களும் கல்லறைச் சுவருக்கு ஓடிவந்தார்கள். ஓய்வுநாளில் கல்லறைக்குள் போகிற வழக்கமில்லை. பத்துப் பேரும் சுவருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே வெள்ளைமாயனும் சுருளியாண்டியும் ஆட்டுக்கல்லைப் புரட்டித் தள்ளிவிட்டு, தலைக்கல்லின் ஓரமாக ஒரு சாண் தோண்டியிருந்தார்கள்.

"டேய், நிறுத்துங்கடா! தோண்டாதீங்க!" என்று எலியாவு அலறினார்.

வெள்ளைமாயன் மண்வெட்டியை ஊன்றி நின்று யோசித்தான். "ஏவ மாட்டேன்னாருல்ல? அப்ப இது ஏவுறது இல்ல. இதுக்குள்ளயும் ஒரு வேலை ஒளிஞ்சிருக்கு."

"தோண்டாதேன்னா? குத்திக் கெளறணும்போல" என்று சுருளியாண்டி கடப்பாரையை எடுத்தான்.

"அய்யோ, எங்கப்பா நிம்மதியாத் தூங்கட்டும்டா!"

"சத்தம் போடாமக் கெளறணுமாம்."

எலியாவு வாயைக் கையால் பொத்திக்கொண்டார். இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் அப்பா மேலே வந்துவிடுவார் என்று பயந்தார்.

அப்போது பெஞ்சின் ஒரு முனையைச் சுமந்தபடி ஒண்டிவீரன் வந்து சேர்ந்தான். சுவரோரம் நின்ற தலைகளை விரல் நீட்டி எண்ணினான். அந்த வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"எசக்கி அய்யா வந்துட்டாருல்ல. இப்பப் பெரிய மொதலாளியும் வந்தா பதினொண்ணாயிருமே."

மற்ற மூவரும் திகைத்தார்கள். மொதலாளி கேட்டது பத்து. வெள்ளைமாயன் மண்வெட்டியைக் கீழே போட்டான். "நல்ல வேளைடா. ஒரு ஆள் கூடிப்போயிருக்கும்."

அந்தப் பக்கம் மண் இளகியதில், சாய்ந்திருந்த தலைக்கல் மெல்ல அசைந்து, தானாகவே நேராக நின்றது.

எசக்கியேல் அதைப் பார்த்தார். "இப்ப நேரா இருக்கு" என்றார்.

எலியாவு வாயிலிருந்து கையை எடுத்தார். "போன வருஷம் சாஞ்சுதான் மச்சான் இருந்துச்சு" என்றார்.

ஜெபக்கூடத்துக்குப் பத்துப் பேரும் ஓடினார்கள். விளக்கு இல்லை, ஆனால் மேற்கு வாசலில் கதவும் இல்லை. மலைமேல் தொங்கிய கடைசி வெயில் மொத்தமும் உள்ளே வந்து புத்தகத்தில் விழுந்தது. எலியாவு எழுந்து நின்று காதிஷ் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் குரல் நின்றுவிட்டது. எசக்கியேல் அடுத்த வார்த்தையை மெதுவாக எடுத்துக் கொடுத்தார்.

வானத்தில் மூன்றாவது நட்சத்திரம் தெரிந்ததும், எலியாவு அடைத்து வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து ஒரே உத்தரவாகப் போட்டார். "டேய்! எல்லாத்தையும் எங்கெங்க எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சிருங்க!"

நால்வரும் இப்படி ஒரு தெளிவான வார்த்தைக்குத்தான் ஏங்கியிருந்தார்கள். மண்ணைத் தள்ளி மூடினார்கள். கதவை மாட்டினார்கள். காக்கை விட்டுவைத்த ரொட்டியைக் கூடையில் போட்டார்கள். பெஞ்சை டீக்கடையில் வைத்தார்கள். விருந்துக்கு இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் சிம்ஹா கேட்டாள், "எங்கடா எங்க வீட்டுக்காரரு?"

எசக்கியேல் பஸ் ஸ்டாப்பில் இருந்தார். கை கழுவப் போனவரைத் தூக்கிக்கொண்டு போய், அதே பெஞ்சில், அதேபோல ஊருக்கு முதுகைக் காட்டி வைத்துவிட்டு, நால்வரும் காவல் நின்றார்கள். அவர் எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம், "இருந்த மாதிரியே இருங்கய்யா" என்று மொக்கையன் மரியாதையாகத் தோளை அழுத்தினான்.

எலியாவு மூச்சிரைக்க வந்து நின்றார். "சாப்பிட வாங்க மச்சான்" என்று வாய்விட்டுக் கூப்பிட்டார். பிறகு நால்வரிடமும், "அப்படியே தூக்கிக்கிட்டு வாங்கடா" என்றார்.

அப்படியே தூக்கினார்கள். பெஞ்சோடு. பெஞ்சின் மறுமுனையில் தேவாரம் ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்காக, மடியில் கோழியோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவரும் வந்தார். கோழியும் வந்தது. 'எதுக்குப்பா' என்று அந்த அம்மா கேட்டதற்கு, "அப்படியேன்னு சொல்லிட்டாருங்க" என்றான் வெள்ளைமாயன். பஸ் போய்விட்டது. அந்த அம்மா திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, "அடுத்த வருஷமும் இதே நாள்தானா?" என்று விசாரித்துக்கொண்டார்.

அடுத்த வருஷமும் வந்தார். அதற்கடுத்த வருஷமும் பெஞ்சில் தூக்கி வந்தார்கள். பார்த்து வளர்ந்த பிள்ளைகள், இது தாத்தா காலத்து வழக்கம் என்று கொச்சியிலும் கடல் தாண்டியும் போய்ச் சொல்லிவிட்டார்கள். நினைவு நாள் என்றால் பத்து ஆண்கள், ஒரு பெஞ்சு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு அம்மா, அவர் மடியில் ஒரு கோழி. இதில் ஒன்று குறைந்தாலும் செல்லாது.

போன வருஷம் அந்த அம்மா கோழிக்குப் பதில் சேவலைக் கொண்டுவந்துவிட்டார். சேவல் செல்லும் என்றார் எசக்கியேல். செல்லவே செல்லாது என்றார் எலியாவு.

அதனால் இந்த வருஷம் எசக்கியேல் பஸ் ஸ்டாப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்.