கவச வண்டிக்கு எட்டாவது ஆள்

ஈச்சம்பொத்தை போலீஸ் ஸ்டேஷனில் மூளை இல்லாதவர் என்று ஒருத்தரைக்கூடச் சொல்ல முடியாது. ஐந்து பேருக்கும் இருந்தது. அடிக்கடி எடுத்தால் தேய்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஸ்டேஷனின் எஸ்.ஐ. வீரபாகு, ஜீப் பழுதாகிவிட்டது, வேறு வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். கடிதம் எந்தெந்த மேஜையில் படுத்து எழுந்ததோ, ஒரு நாள் காலையில் பட்டாளத்தில் கழித்துக்கட்டிய கவச வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. பதினோரு டன் எடை. குண்டு போட்டாலும் அசையாதாம். ஊரில் அதுவரை நடந்த பெரிய குற்றம் ஆடு திருட்டு. அதைச் செய்கிறவனும் மாசானம் என்கிற ஒரே ஆள்தான். இருந்தாலும் வீரபாகுவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வண்டியோடு ஒரு தாளும் வந்தது. அதில் மூன்று விதிகள். முதல் விதி, வண்டி காம்பவுண்டுச் சுவருக்குள்ளேதான் நிற்க வேண்டும். கேட் சின்னது, வண்டி பெரியது. வண்டியை உள்ளே கொண்டுபோக முடியாவிட்டால் காம்பவுண்டை வெளியே கொண்டுவரலாமே என்றார் ஏட்டு திருமேனி. உடனே கொத்தனாரைக் கூப்பிட்டு, தெருவில் நின்ற வண்டியைச் சுற்றி நாலு பக்கமும் சுவர் எழுப்பினார்கள். வெள்ளையடித்து முடித்த பிறகுதான் கேட் வைக்க மறந்தது தெரிந்தது. சுவரேறிக் குதித்து, ஐந்து பேரும் வண்டிக்குள் ஏறி, சுவரை இடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

வந்தவர்களால் இறங்க முடியவில்லை. வெளியே ஆபத்து இல்லை என்று உறுதி செய்யாமல் இறங்கக் கூடாது என்பது இரண்டாவது விதி. இறங்கிப் பார்த்தால்தானே உறுதி செய்யலாம்? மத்தியானச் சாப்பாட்டு நேரமும் போயிற்று. மோர் விற்கிற இசக்கியம்மாள் கதவைத் தட்டி, வெளியே தன்னைத் தவிர ஒருவரும் இல்லை என்று சத்தியம் செய்த பிறகுதான் ஐந்து பேரும் காற்றைக் கண்டார்கள்.

இப்படி ஒரு மாதம் ஓடியது. பிறகு எஸ்.பி. ஆபீஸிலிருந்து தாக்கீது வந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எஸ்.பி. நேரில் வருவார். அதற்குள் அந்த வண்டியில் போய் ஒருவனையாவது கைது செய்துகொண்டு வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி கல்லடைப்பு ஸ்டேஷனுக்குப் போய்விடும்.

கல்லடைப்பு எஸ்.ஐ. சடையாண்டி வேறு யாருமில்லை, வீரபாகுவின் மனைவியின் தம்பி. மாமனார் வீட்டு விருந்துக்கு அவன் அந்த வண்டியில் வந்து இறங்குவதைப் பார்ப்பதைவிட நாண்டுகொண்டு சாகலாம் என்று அவருக்குத் தோன்றியது. வியாழன்வரை ஊரில் ஒரு குற்றமும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் தன் ஆட்டை மாசானம் களவாண்டுவிட்டான் என்று இசக்கியம்மாள் அழுதுகொண்டு வந்தாள். வீரபாகு குலசாமி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

இப்போது மூன்றாவது விதி குறுக்கே வந்தது. கடமைக்குக் கிளம்பும்போது வண்டிக்குள் எட்டுப் பேர் இருக்க வேண்டும். குறையவும் கூடாது, கூடவும் கூடாது. ஸ்டேஷனில் ஐந்து பேர். இசக்கியம்மாளைச் சேர்த்தால் ஆறு. டீக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார், ஏழு. அந்தக் கடை பெஞ்சில் மிச்சமிருந்தவன் ஒருவன்தான். அவன் மாசானம். வடை தின்றுகொண்டிருந்தான்.

"அய்யா, அந்தா இருக்கானே. எட்டிக் கையைப் பிடிச்சா வேலை முடிஞ்சுது" என்றார் திருமேனி.

"நடந்து போயிப் பிடிச்சா அது கால் செஞ்ச கைது, ஏட்டையா. வண்டி செஞ்சதா ஆகுமா? அவன் வீட்டுக்கு வண்டியில போயித்தான் பிடிக்கணும்."

"அப்படிப் போக ஒரு ஆள் குறையுதே."

இருவரும் மாசானத்தைப் பார்த்தார்கள். வீரபாகு அவனிடம் போய், விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார்.

"மாசானம், உன்னைப் பிடிக்கத்தான் போறோம். எட்டுக்கு ஒரு ஆள் குறையுது. கூட வாரியா?"

"எதுவரைக்கும் போறீய?"

"உன் வீடு வரைக்கும்."

"அப்ப வாரேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டான் மாசானம். "நடக்கிறது மிச்சம்."

வழி நெடுக இசக்கியம்மாள் அவனை வண்டை வண்டையாகத் திட்டிக்கொண்டே வந்தாள். அவன் அவளுடைய மோர்ப்பானை சிந்தாமல் மடியில் பிடித்துக்கொண்டு வந்தான். வீட்டு வாசலில் வண்டி நின்றதும், இது என் வீடுதான், ஒரு பயமும் இல்லை என்று அவனே உறுதி கொடுத்தான். முதல் ஆளாக இறங்கி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வீரபாகு தட்டினார். அவன் திறந்தான். விலங்கு மாட்டினார்கள். திருட்டு ஆடு வாசல் வேம்பில் கட்டிக் கிடந்தது. எல்லாம் முறைப்படி நடந்ததில் வீரபாகுவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

திரும்பக் கிளம்பும்போதுதான் திருமேனி தலையைச் சொறிந்தார். மாசானம் இப்போது கைதி, கடமைக்காரன் இல்லை. அவனைக் கழித்தால் ஏழு. புதிதாக ஒருத்தரைச் சேர்த்தால், கைதியோடு ஒன்பது. ஆகவே அந்த வண்டியில் எந்தக் காலத்திலும் ஒரு கைதியை ஏற்ற முடியாது. கைதியை வண்டிக்குப் பின்னால் கயிற்றில் கட்டி நடத்திக் கூட்டிப்போகலாம், உள்ளே எட்டாவதாக ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்று கடைசியில் முடிவாயிற்று. காட்டுக்குள் ஒற்றை வீடு. ஆளுக்கு எங்கே போவது?

அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நாலு மணிவரை பொறுக்க முடியாமல், வண்டி எங்கே என்று விசாரித்து விசாரித்து, சடையாண்டியே வந்துவிட்டான்.

"நல்லதாப் போச்சு. கல்லடைப்பு அய்யா ஏறிக்கிட்டா எட்டு" என்றார் திருமேனி.

"அவன் என் வண்டியில ஏறவா?" என்று குதித்தார் வீரபாகு. மணி மூன்று ஆகியிருந்தது. சடையாண்டி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு டயரைத் தட்டிப் பார்த்தான். அதைப் பார்த்ததும் வீரபாகு தன் மூளையை முதல் தடவையாக வெளியே எடுத்தார். ஆட்டை அவிழ்த்து, கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளச் சொல்லிச் சடையாண்டியிடம் கொடுத்தார். பிறகு மாசானத்தின் கையிலிருந்த விலங்கைக் கழற்றி மச்சினன் கையில் மாட்டினார்.

"அத்தான், என்ன விளையாட்டு இது?"

"மாப்பிள்ளை, களவு போன ஆடு யார் கையில இருக்கு?"

சடையாண்டி குனிந்து பார்த்தான். ஆடு அவன் கையில்தான் இருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்ட கைதி வண்டியின் பின்னால் ஆட்டோடு நடந்தான். மாசானம் பழையபடி மோர்ப்பானையோடு உள்ளே உட்கார்ந்தான்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தார்கள். எஸ்.பி. தலைகளை எண்ணினார், எட்டு. கைதியைப் பார்த்தார், ஒன்று. பாராட்டப்போன நேரத்தில் சடையாண்டி கத்தினான்.

"அய்யா, நான் கல்லடைப்பு எஸ்.ஐ.! ஆடு களவாண்டவன் வண்டிக்குள்ள இருக்கான்!"

நீயா எடுத்தாய் என்று எஸ்.பி. மாசானத்தைக் கேட்டார். மாசானம் மரியாதையாக எழுந்து, ஆமாம் என்றான். எஸ்.பி.யின் முகம் கறுத்தது. அந்த விதிகளை எழுதியவரே அவர்தான்.

"வீரபாகு, களவாணி கணக்குல சேர மாட்டானே. அப்ப ஏழு பேரோடயா வண்டியைக் கிளப்புனீரு?"

வண்டி கையைவிட்டுப் போவது வீரபாகுவின் கண்ணெதிரே தெரிந்தது. அவர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"இல்லைங்கய்யா. மாசானம் நம்ம ஸ்டேஷன் ஆளு. ஆட்டைக் களவாண்டதும் நம்ம ஸ்டேஷன் ஆளுதான்."

எஸ்.பி.க்கு மனம் குளிர்ந்தது. அப்படியென்றால் எட்டுத்தான், கைதியும் ஒன்று, விதி மீறவில்லை என்று எழுதி, வண்டி ஈச்சம்பொத்தைக்கே என்று கையெழுத்தும் போட்டு, மாசானத்தின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

சடையாண்டியை லாக்கப்பில் வைத்துப் பூட்டினார்கள். உன் தம்பி நம்மிடம்தான் இருக்கிறான், அவனுக்கும் சேர்த்துச் சோறு அனுப்பு என்று வீரபாகு மனைவிக்குப் போன் செய்து சொன்னார். பிறந்த நாள் முதல் இவ்வளவு நிம்மதியாக அவர் நாற்காலியில் சாய்ந்ததில்லை.

"அய்யா, ஆட்டுக்குக் காவல் போடணுமே" என்றார் திருமேனி.

"போட்டாச்சு, ஏட்டையா. மாசானத்தைத்தான் நிறுத்தியிருக்கேன். வெளியாளை நம்ப முடியாதுல்லா."