சேற்றில் தங்கிய நடுக்கம்

ஒரே ஒரு நிமிஷம் ஆடி நின்ற பூமி, அந்த ஆட்டத்தை எத்தனை நாளைக்கு வைத்திருக்கும்? சொல்லுங்கள் பார்ப்போம்.

சோணைமுத்துவுக்கும் தெரியாது. அவர் மாயக்காவிடம் வந்தது வேறு வழக்கோடு.

பாறையிலிருந்து பலகைக்கல் பிளக்கிற மாயக்காவுக்கு முப்பது வயசுதான். ஆனாலும் தலை நரைத்தவர்களெல்லாம் அவளிடம் நியாயம் கேட்டு வருவார்கள்.

"இது என் மக தவமணி. ஆறு வருஷமா ஒரே வீட்லதான் இருக்கோம். எங்கிட்ட ஒரு சொல் பேசினதில்ல, சாமி."

மாயக்கா மகளைப் பார்த்தாள். "என்னம்மா நடந்துச்சு?"

தவமணி வாயெடுப்பதற்குள் சோணைமுத்து முந்திக்கொண்டார்.

"நர்சு படிப்புக்கு வந்த கடுதாசிய அடுப்புல போட்டேன். ஒரு நிமிஷக் கோபம்! அதுக்கப்புறம் அதட்டிக்கூடப் பேசலையே. ஆறு வருஷ அமைதி அந்த ஒரு நிமிஷத்த மூடாதா?"

மாயக்கா ஒரு கல்லைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

உடைந்த பக்கத்தில் வரி வரியாகத் தெரிந்தது. அடியில் பாய் விரித்தாற்போல நேர் வரிகள். மேலேயும் அப்படியே. நடுவில் மட்டும் முறுக்கிப் பிழிந்த புடவை மாதிரி ஒரே நெளிசல்.

"கோணக் கல்லு. இத யாரு வாங்குவா?" என்றார்.

"கல்லாகுறதுக்கு முன்னால இது ஏரிச் சேறு, அய்யா. பூமி ஆடுச்சு. சேறு சுருண்டுச்சு. அப்புறம் ஆயிரமாயிரம் வருஷம் வண்டல் அமைதியா மேல படிஞ்சுது."

"அப்படியும் நெளிவு போகலையா?"

"தேச்சுப் பாருங்களேன்."

தேய்ப்புக்கல்லும் ஒரு சட்டித் தண்ணீரும் வந்தன. சோணைமுத்து வரி தெரிந்த பக்கத்தை வைத்துத் தேய்த்தார். வெயில் உச்சிக்கு ஏறியது. உள்ளங்கை கொப்பளித்தது.

கல் பளபளவென்று வந்தது. அதுவரை மங்கிக் கிடந்த நெளிவு இப்போது சேமியா மாதிரி, ஓர் இழை விடாமல் தெரிந்தது.



"இன்னும் எவ்வளவு வண்டல் விழணும், சாமி?"

"மேல விழறது பாரம், அய்யா. நெளிவ நிமித்துற இஸ்திரிப் பெட்டியா?"

தவமணி சிரித்துவிட்டாள். ஆறு வருஷத்தில் அவர் எதிரில் அவள் எழுப்பிய முதல் சத்தம். அதில் சந்தோஷம் இல்லை.

சோணைமுத்து கல்லை இறக்கி வைத்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அடுப்படியில என்ன நடந்துச்சுன்னு நீயே சொல்லு, தாயி. நான் குறுக்க பேச மாட்டேன்."