வாய் இரண்டு, ஊற்று ஒன்று

"தண்ணி வரலையே!" என்று யானை பிளிறியது. பாறை ஓட்டைக்குள் துதிக்கையை விட்டு உறிஞ்சினால் காற்றுதான் வந்தது.

மேட்டில் காய்ந்த புல் எரிந்துகொண்டிருந்தது. தீ ஒரு பெரிய மரத்தை நோக்கி வந்தது. அந்த மரப் பொந்துக்குள் பெண் இருவாச்சிப் பறவை முட்டைகளோடு அடைந்து கிடந்தது. அடைகாக்கும்போது இருவாச்சிகள் பொந்தின் வாயைச் சேறு வைத்துப் பூசிவிடும். அலகு நுழைய ஒரு சந்து மட்டும் இருக்கும். உள்ளே போனதும் பறக்க உதவும் இறகுகளும் உதிர்ந்துவிடும். தப்பிக்கவெல்லாம் முடியாது.

ஆண் இருவாச்சி யானையின் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கதறியது. "அண்ணே, சீக்கிரம்! அவ உள்ள இருக்கா!"

"நான் என்ன பண்றது? ஊறினாத்தானே உறிஞ்ச முடியும்!"

அந்தப் பாறையில் இரண்டு ஓட்டைகள். இரண்டுக்கும் காவல் முள்ளம்பன்றி. காட்டை நிர்வகித்த கரடி அதற்கு ஓர் உத்தரவு போட்டிருந்தது. "அவசரக்காரனை முதல்ல விடு. ஆனா எந்த ஓட்டையும் சும்மா கிடக்கக் கூடாது!"

அதனால்தான் இன்னொரு ஓட்டையில் காட்டெருமை நின்றது. தண்ணீரை உறிஞ்சிப் பக்கத்துப் பள்ளத்தில் துப்பிக்கொண்டிருந்தது. சேறு குழைத்துப் புரள வேண்டுமாம். ஈத் தொல்லையாம்.

முள்ளம்பன்றிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. யானைக்கு ஓர் ஓட்டையை முழுசாகக் கொடுத்தாயிற்று. பிறகு என்ன குறைச்சல்?

காட்டெருமை ஈயை விரட்டத் தலையைத் தூக்கியது. உடனே யானையின் துதிக்கையில் 'களக் களக்' என்று தண்ணீர் ஏறியது. காட்டெருமை குனிந்தது. களக் நின்றது.

"ஏய், மூஞ்சியை எடு!" என்றது முள்ளம்பன்றி.

"எதுக்கு? நான் கொஞ்சங்கொஞ்சமாத்தானே எடுக்கிறேன்? யானை ஓட்டை அது, என் ஓட்டை இது!"

"எடுன்னா எடு!"

எடுத்தது. களக் களக்!

"இப்ப வை!"

வைத்தது. நின்றுபோனது.

"அடப்பாவி! வாய்தான் ரெண்டு. உள்ள ஊத்து ஒண்ணுதான்!"

காட்டெருமை திருதிருவென்று விழித்தது. "அதுக்காக ஓட்டையைச் சும்மா விடுவியா? கரடியார் சும்மா விடுவாரா?"

முள்ளம்பன்றி அந்த ஓட்டையின் மேலேயே ஏறி உட்கார்ந்து முட்களைச் சிலுப்பிக்கொண்டது. யானை துதிக்கை நிறைய மொண்டுகொண்டு ஓடியது. பீய்ச்சியது. திரும்பி வந்தது. மறுபடி ஓடியது.

கரடி மூச்சு வாங்க வந்து சேர்ந்தது. "என்னய்யா இது! ஓட்டை சும்மா கிடக்கு, நீ மேல குந்திக்கிட்டு இருக்கே? எறங்கு! எருமையை விடு!"

"விட மாட்டேன். யானைக்குத் தண்ணி குறையும்."

"வேலையை விட்டே தூக்கிடுவேன்!"

"தூக்குங்க. முள்ளு குத்தும்."

கரடி கையை நீட்டிப் பார்த்தது. பிறகு மடக்கிக்கொண்டது.

தீ மரத்தடிக்கு வந்துவிட்டது. யானை கடைசியாக ஒரு பீய்ச்சு பீய்ச்சியது. 'உஸ்ஸ்' என்று புகை கிளம்பியது. தீ செத்தது. பொந்தின் சந்து வழியே அலகு ஒன்று நீண்டது.

"யாருய்யா அது, தண்ணி அடிக்கிறது? முட்டையெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு!"

ஆண் இருவாச்சி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தது.

முள்ளம்பன்றி கீழே இறங்கியது. காட்டெருமையையும், வெகுநேரமாகக் காத்திருந்த மிளாமானையும் கூப்பிட்டது. "ஆளுக்கு ஒரு ஓட்டை எடுத்துக்குங்க. தண்ணி மெதுவா வந்தாலும் பரவாயில்ல, உங்க ரெண்டு பேருக்கும் அவசரமில்ல."

சாயங்காலத்துக்குள் பள்ளம் நிறையச் சேறு. காட்டெருமை அதில் புரண்டுகொண்டே, "முன்னாடியே விவரம் சொல்லியிருந்தா நானே ஒதுங்கியிருப்பேனே!" என்றது.

கரடிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. போகும்போது திரும்பி நின்று, "இனிமே எந்த ஓட்டையும் சும்மா கிடக்கக் கூடாது, தெரிஞ்சுதா?" என்று உறுமியது.

முள்ளம்பன்றி தலையை ஆட்டியது. அடுத்த முறை புகை தெரிந்தபோது, காலி ஓட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அவசர வேலை நடக்கும்போது பக்கத்து இடம் காலியாகத் தெரிந்தாலும் அதைச் சும்மா விடுவதே பெரிய உதவி.