முதல் கிண்ணம்

"அக்கா, என் சூப்பில் அப்படி என்னதான் குறை?"

கேட்டவர் ஒடிலோன். தலை முழுக்க நரைத்தவர். தன்னைவிட வெகு இளையவளான இஸ்மெல்தாவைத்தான் அக்கா என்று அழைத்தார். ஹைத்தித் தீவின் அந்தத் துறைமுக ஊரில் பெரியவர் சிறியவர் எல்லோரும் அவளை அப்படித்தான் அழைத்தார்கள்.

இஸ்மெல்தா இன்னொரு கரண்டி எடுத்துச் சுவைத்தாள்.

"குறை ஒன்றும் இல்லை."

"பின்னே?"

"இன்னும் வரவில்லை."

ஒவ்வொரு ஞாயிறும் இதே பதில்தான்.

ஒடிலோன் லேசுப்பட்ட சமையல்காரர் அல்ல. கப்பல் வணிகர் லபோர்தின் மாளிகையில் வாழ்நாளெல்லாம் அடுப்படியை ஆண்டவர். பாரிசிலிருந்து வந்த விருந்தாளிகள் அவர் கைமணத்தில் சொக்கிப்போவார்கள். பாராட்டை லபோர்த் வாங்கிக்கொள்வார்.

மாளிகையை விட்டு வந்தபின் ஒடிலோனுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம் இருந்தது. ஆண்டின் முதல் நாள்தான் அந்த நாட்டின் விடுதலை நாள். அன்று காலையில் பேட்டை முழுவதற்கும் பரங்கிக்காய் சூப் காய்ச்சுவார்கள். அந்த அண்டாவைத் தன் கையால் ஏற்றி இறக்க வேண்டும்.

அண்டா இஸ்மெல்தாவின் பொறுப்பில் இருந்தது. அதனால் அவளிடம் சீடராகச் சேர்ந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டாள்:

"இந்தச் சூப்பை நாம் ஏன் காய்ச்சுகிறோம்?"

"பச்சைக் குழந்தைக்கும் தெரியுமே அக்கா. நம் முன்னோர்கள் அடிமைகளாக இருந்த காலம். பரங்கிக்காயை விளைவித்தது அவர்கள். வெட்டியது அவர்கள். அடுப்படியில் வெந்தபடி காய்ச்சியதும் அவர்கள். குடித்தது பிரெஞ்சுத் துரைமார்கள். நம்மவர் நாக்கில் ஒரு சொட்டு படக்கூடாது. சண்டையிட்டு ஜெயித்து, தலை நிமிர்ந்த அன்று நம் ஆட்கள் இந்தச் சூப்பைத்தான் காய்ச்சிக் குடித்தார்கள். இன்றுவரை குடிக்கிறோம்."



"அழகாகச் சொன்னீர்கள். நீங்கள் குடித்தீர்களா?"

"ருசி பார்த்தேனே."

"குடித்தீர்களா என்று கேட்டேன்."

ஒடிலோன் சிரித்தார்.

"சமையல்காரனுக்குப் பசிக்காது அக்கா. அதுதான் எங்கள் தொழிலுக்கே பெருமை. மாளிகையில் நான் ஒருநாளும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. விடுதலை நாளிலும் அப்படித்தான். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மிச்சம் இருந்தால் பின்வாசலில் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வேன்."

இஸ்மெல்தா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இந்த முறை அண்டா உங்களுடையது" என்றாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்கவும் பயம். எங்கே மனசை மாற்றிக்கொள்வாளோ!

விடுதலை நாள் விடிந்தது.

தெருவின் நீளத்துக்கு மேசைகளும் பலகைகளும் போட்டிருந்தார்கள். மீன் விற்பவர்கள், தச்சர்கள், துணி வெளுப்பவர்கள் எல்லோரும் சலவை மடிப்புக் கலையாத உடையில் வந்திருந்தார்கள். யாரும் வெறுங்கையோடு வரவில்லை. பரங்கிக்காய், முட்டைக்கோஸ், எலுமிச்சையில் கழுவிய மாட்டிறைச்சி என்று அண்டாவில் எல்லா வீடும் இருந்தது. மேலே ஒரு முழு மிளகாய் உடையாமல் மிதந்தது. மூலையில் யாரோ மத்தளம் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒடிலோன் மூடியைத் திறந்தார். தெருவே மணத்தது.

அப்போதுதான் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"ஒடிலோன்! நீ போனபிறகு என் வீட்டில் சூப் வாயில் வைக்க விளங்கவில்லை. கொண்டுவா இங்கே!"

லபோர்த்.

ஒடிலோன் முதல் கிண்ணத்தை நிரப்பினார். மாளிகையில் செய்வதுபோலவே விளிம்பைத் துணியால் துடைத்தார். இரண்டு கைகளாலும் ஏந்தி, தலையைக் குனிந்துகொண்டு காரை நோக்கி நடந்தார்.

இஸ்மெல்தா குறுக்கே வந்து நின்றாள்.

"எங்கே போகிறீர்கள்?"

"முதலாளி வந்திருக்கிறார் அக்கா."

"யாருக்கு முதலாளி?"

இஸ்மெல்தா கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கி அருகிலிருந்த மேசையில் வைத்தாள்.

அவள் அவர் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். அவர் கையைப் பிடித்து அழைத்துப்போய் மீன்காரப் பெண்களுக்கு நடுவே பலகையில் உட்காரவைத்தாள். கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள். ரொட்டியைப் பிய்த்துப் பக்கத்தில் வைத்தாள்.

மத்தளம் நின்றது. ஒருவரும் கரண்டியைத் தொடவில்லை. தெரு முழுவதும் அவரையே பார்த்தது.

பக்கத்தில் இருந்த மீன்காரி பிலோமிஸ் மெல்லச் சொன்னாள்:

"சாப்பிடுங்கள் ஒடிலோன். நீங்கள் தொடங்கினால்தான் நாங்கள் தொடங்குவோம்."

அவர் ஒரு வாய் குடித்தார்.

பரங்கியின் இனிப்பு முதலில் வந்தது. காரம் பின்னாலேயே வந்தது. அதே மாளிகையில், அதே பின்வாசலில் நின்றே தின்று, நின்றே தேய்ந்துபோன தன் அம்மாவை நினைத்துக்கொண்டார். இன்னொரு வாய் குடித்தார். முதுகு தானாக நிமிர்ந்தது.

தெரு மூச்சு விட்டது. கரண்டிகள் கிண்ணங்களில் மோதின. யாரோ பாட ஆரம்பித்தார்கள்.

கார் ஒலியெழுப்பியது.

"ஒடிலோன்! எவ்வளவு நேரம்?"

பழகிய கால்கள் அவரைக் கேட்காமலே எழத் தொடங்கின. ஒடிலோன் இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் அழுத்தி வைத்தார். மறுபடி உட்கார்ந்தார். நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

"லபோர்த் ஐயா!" அவர் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. "நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இறங்கி வாருங்கள். பலகையில் என் பக்கத்தில் இடம் இருக்கிறது."