திறக்கிறப்பெல்லாம் ஒரு டம்ளர் டீ

“டீச்சர், என் மணி காலையில ஒழுங்கா அடிக்குது. மத்தியானம் ஆச்சுன்னா பேய் பிடிச்ச மாதிரி அடிக்குது.”

வாசலில் நின்றபடியே சொன்னார் நயினார். நீலச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது, மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏறின மூச்சு மட்டும் இல்லை அது.

ஜைத்தூன் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறவர். நயினாரின் மகளைவிடச் சின்னவர். நயினாருக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கடையை மூடிவிட்டு, புரோகிராம் எழுதப் படிக்கிறேன் என்று இவரிடம் வந்து சேர்ந்தவர்.

“எந்த மணி அண்ணாச்சி?”

“டயாலிசிஸ் சென்டர்ல போட்டுக் குடுத்தேன்லா, அது.”

அந்த சென்டரில் நயினாரின் மச்சினன் கோமதிநாயகம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் படுக்கிறான். ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகி வருகிற நேரத்தில், சில சமயம் பிரஷர் சட்டென்று இறங்கிவிடும். மெஷின் முனகும். அந்த முனகல் நர்ஸ் மேசைவரை கேட்காது. ஒரு தரம் கோமதி கண் சொருகிக் கிடந்தான். பக்கத்துக் கட்டில்காரர் கத்தின பிறகுதான் ஆள் வந்தது.

அதற்குப் பிறகு நயினார் எழுதின புரோகிராம் இது. பிரஷர் இறங்கினால் நர்ஸ் மேசைக் கம்ப்யூட்டரில் மணி அடிக்கும். திரையில் விண்டோவைத் திறந்தால் ஆளின் பெயர் வரும். அவ்வளவுதான்.

“கோமதி என்ன சொல்லுதாரு?”

“கேலி பண்ணுதான். ‘அத்தான், தீபாராதனை நேரத்துல சந்நிதியில படுத்த மாதிரி இருக்கு, விபூதித் தட்டு மட்டுந்தான் வரல’ங்கான்.”

டீச்சர் சிரித்தார். நயினார் சிரிக்கவில்லை.

“‘பிரஷர் இறங்கினா அடி’ன்னு மணிகிட்ட எந்த இடத்துல சொல்லியிருக்கீங்க?”

“விண்டோ திறக்கிற இடத்துல.”

“சிஸ்டர் அதைத் திறந்து மூடிக்கிட்டே இருப்பாங்களே?”

“ஆமா, பில்லு போடணும், மருந்து எழுதணும். அதான் ஒவ்வொரு தடவை திறக்கிறப்பவும் எல்லாத்தையும் முதல்லேர்ந்து சொல்லிருதேன். பேரை எடுத்து வை, மெஷினைப் பாத்துக்கோ, இறங்கினா அடி.”

“ஏன்?”

“மறந்துட்டா?”

“கம்ப்யூட்டரா மறக்கும்?”

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நயினார். அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்தோமா என்று முகர்ந்து பார்க்கிற ஆள்.

“வெளிய போயிட்டு வாங்க அண்ணாச்சி” என்றார் டீச்சர்.

நயினார் போனார். வந்தார்.

“வாங்க, வாங்க. உங்க பேரு என்ன?”

“டீச்சர்?”

“பேரு?”

“ஆறுமுகநயினார்.”

“உக்காருங்க. டீ குடிங்க.” பிளாஸ்கைத் திறந்து ஒரு டம்ளரில் ஊற்றி வைத்தார். நயினார் கையை நீட்டுமுன்னே, “வெளிய போயிட்டு வாங்க.”

போனார். வந்தார்.

“வாங்க, வாங்க. உங்க பேரு என்ன?”

“இப்பத்தானே சொன்னேன்!”

“பேரு?”

சொன்னார். இன்னொரு டம்ளர் வந்து முதல் டம்ளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

“வெளிய போயிட்டு வாங்க.”

“டீச்சர், கோமதி இப்ப மெஷின்ல படுத்திருக்கான். விளையாட இது நேரமா?”

“அதான் சொல்லுதேன். சீக்கிரம் போயிட்டு வாங்க.”

போனார், வந்தார். போனார், வந்தார். பேர் சொல்லிச் சொல்லி அவருக்கே தன் பேர் யாரோ ஒருத்தர் பேர் மாதிரி ஆகிவிட்டது. மேசையில் கீபோர்டு வைக்க இடம் இல்லை.

“இப்ப குடிங்க” என்றார் டீச்சர்.

“எதை?”

“எல்லாம் உங்களுக்கு ஊத்தினதுதான்.”

“வந்தது ஒரே ஆளு. எப்படி இத்தனை டீயும்...”

அதோடு நிறுத்தினார். டம்ளர்களையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“விண்டோவை மூடினா, சொன்ன சொல்லும் அதோட போயிராதா டீச்சர்?”

“வெளிய போறப்ப டம்ளரை எடுத்துட்டுப் போனீங்களா?”

நயினார் சட்டைப்பையில் இருந்து போனை எடுத்தார். “அப்ப திறந்த தடவைக்கெல்லாம் சேத்து அடிக்குதா!” என்றபடி சென்டரைக் கூப்பிட்டார்.

“ஜெபராணி சிஸ்டரா? மணி ரொம்ப அடிக்குதா?”

“இல்ல சார், இப்ப நிம்மதியா இருக்கு. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி வச்சிட்டோம். காது போச்சு சார், உங்க மணியால.”

நயினார் போனோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

“கோமதியப் பாருங்க.”

“சார்?”

“ஓடிப் போய்ப் பாருங்கம்மா!”

போனை மேசையில் வைக்கிற சத்தம். செருப்பு ஓடுகிற சத்தம். பிறகு தூரத்தில், “காலைத் தூக்கு, தலகாணியை எடு, டாக்டரைக் கூப்பிடு.”

நயினார் செருப்பை மறந்துவிட்டுப் படி இறங்கினார்.

சாயந்தரம் கோமதிக்குக் குரல் திரும்பிவிட்டது. “அத்தான், இன்னைக்கு விபூதித் தட்டு கிட்டவே வந்துட்டுப் போச்சு” என்றான்.

நயினார் அங்கேயே உட்கார்ந்து திருத்தினார். விண்டோ திறக்கிற இடத்தில் இருந்ததை எல்லாம் வழித்து எடுத்தார். காலையில் புரோகிராம் ஓடத் தொடங்குகிற இடத்தில் ஒரே ஒரு தடவை வைத்தார். பெயர் எடுப்பது, மெஷினைப் பார்ப்பது, மணிக்குச் சொல்வது எல்லாம். ஸ்பீக்கர் வயரைத் தன் கையாலேயே சொருகினார். திறந்து பார்த்தார், மூடினார், திறந்தார். பிரஷர் இறங்கின மாதிரி காட்டிப் பார்த்தார், மணி ஒரு தடவைதான் அடித்தது. ஸ்பீக்கர் வயரைத் தன் கையாலேயே சொருகினார்.

அடுத்த வாரம் நல்ல மழை. மறுபடியும் வாசலில் வந்து நின்றார். தலையில் இருந்து தண்ணீர் சொட்டியது.

“டீச்சர், நீங்க சொன்னபடியே செஞ்சேன். இப்ப அதுவும் தப்பாப் போச்சு.”

டீச்சர் திரையைப் பார்த்தபடியே கேட்டார். “நான் ஒண்ணும் சொல்லலையே அண்ணாச்சி. டீதானே ஊத்தினேன்?”

“முந்தாநாள் மத்தியானம் கோமதிக்கு இறங்கிருக்கு. மணி அடிச்சுது. ஒரு தடவை, அழகா. சிஸ்டர் உடனே விண்டோவைத் திறந்திருக்காங்க. மாசிலாமணின்னு பேரு வருது.”

“யாரு அது?”

“காலையில அதே மெஷின்ல படுத்துட்டு வீட்டுக்குப் போன மனுசன். இவங்க மாசிலாமணி எங்க, மாசிலாமணி எங்கன்னு வார்டு பூராத் தேடிருக்காங்க. கோமதிதான் எப்படியோ கையைத் தூக்கிக் காட்டிருக்கான். கையைத் தூக்க முடியாமப் போயிருந்தா என்ன டீச்சர் செய்ய? அவன் அக்கா மொகத்துல நான் முழிக்க முடியுமா? என் வீட்டுக்காரிலா அவ!”

டீச்சர் கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

“இன்னைக்கு மத்தியானமும் அவன் படுக்கணும். அதுக்குள்ள ஏதாவது சொல்லுங்க.”

“வாங்க நயினார் அண்ணாச்சி, உக்காருங்க” என்றார் டீச்சர். “நீலச் சட்டை உங்களுக்கு நல்லா இருக்கு. ஏன் இப்படி வேர்த்து நிக்கீங்க? ஃபேன் போடவா?”

“நீலச் சட்டையா?”

“ஆமா. செருப்பைப் போட்டுட்டுப் போங்க, போன தடவை மாதிரி விட்டுட்டுப் போயிராதீங்க.”

“டீச்சர், நான் வெள்ளைச் சட்டை போட்டிருக்கேன். மழையில நனைஞ்சு நடுங்கிக்கிட்டு நிக்கேன். ஃபேனா?”

“அன்னைக்குப் பாத்தேன்லா. நீலந்தான்.”

நயினாருக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை மாதத்தில் டீச்சரிடம் அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

“அது அன்னைக்கு! என் பேரைக் கேக்க வேண்டாம், டீயும் ஊத்த வேண்டாம். வாசல்ல இப்ப நிக்கிற ஆளை ஒரு தடவை நிமிந்து பாத்தா என்ன...”

“பேரு! பேரை மட்டும் திறக்கிறப்பெல்லாம்...”

ஜைத்தூன் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

வாசலில் ஈரம் மட்டும் இருந்தது. படியில் செருப்புச் சத்தம் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது.