இரண்டாவது உருண்டை

இருபது வருஷம் வண்டி மாடுகளுக்கு லாடம் அடித்த மாசானம், ஐம்பதாவது வயதில் வைத்தியம் படிக்க வந்தார். சொல்லிக்கொடுத்த நாச்சியார் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். இருந்தாலும் மாசானத்துக்கு அவர் ‘அம்மா’தான்.

மாசானத்திடம் கேள்விக்குப் பஞ்சமில்லை.

“வலி முழங்கால்ல. மருந்து போறது வயித்துக்கு. அதுக்கு யாரும்மா வழி சொல்றது?”

“யாரும் சொல்றதில்லை. குடல் அதை ரத்தத்துல சேர்க்குது. ரத்தம் போற இடமெல்லாம் அதுவும் போகுது.”

“அப்போ வலிக்காத காலுக்கும் போகுமா?”

“போகும்.”

அன்று முழுக்க மாசானம் தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மதியம் நாச்சியார் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். பந்தல்காரர் சுடலைமுத்துவைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். கல்யாணப் பந்தலைப் பிரிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்திருந்தது. வலியை அமர்த்தித் தூங்கவைக்கும் உருண்டை ஒன்றை மாசானம் கொடுத்தார்.

ஒரு நாழிகை போயிற்று. முனகல் நிற்கவில்லை.

“மருந்து கேக்கலையே அண்ணாச்சி,” என்றாள் சுடலைமுத்துவின் மனைவி. “இன்னும் ஒண்ணு குடுங்களேன்.”

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொடுத்துவிட்டார்.

நாச்சியார் திரும்பிவந்தபோது சுடலைமுத்து அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். நாச்சியார் அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார்.

“எத்தனை குடுத்தீங்க?”

“ரெண்டும்மா.”

“இவர் என்ன சாப்பிட்டிருந்தார்?”

“கல்யாண வீட்டுப் பந்திதான்,” என்றாள் மனைவி. “நெய்ச்சோறு, வடை, பாயசம். வயிறு முட்டச் சாப்பிட்டாரு.”

நாச்சியார் சுடலைமுத்துவைத் தூக்கி உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். மூச்சு தயங்கும்போதெல்லாம் மாசானம் அவர் பெயரைச் சொல்லி உலுக்கினார். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் சுடலைமுத்து கண்ணைத் திறந்து, “தண்ணி” என்றார். அவர் மனைவி சுவரில் சாய்ந்து அழுதாள்.

நாச்சியார் மாசானத்தைத் திட்டவில்லை.

“நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க, அண்ணாச்சி.”

மறுநாள் காலை அதே உருண்டையில் கால்வாசியைக் கொடுத்தார். கொடியில் போட்ட ஈர வேட்டி காய்வதற்குள் மாசானத்துக்குக் கண் செருகியது.

இரண்டு நாள் கழித்து, நெய் ஊற்றி வயிறு நிறையச் சோறு போட்டு, அதே அளவைக் கொடுத்தார். மாசானம் ஆவலோடு காத்திருந்தார். அன்றும் கொடியில் போட்ட வேட்டி காய்ந்தது. மடித்து வைத்தார். கிணற்றில் ஆறு குடம் இறைத்தார். தூக்கத்தின் சாயல்கூட இல்லை. கல்வத்தின் முன் உட்கார்ந்து மூலிகை அரைத்தார். ‘இந்த உருண்டையில சத்தில்லை’ என்று சொல்ல வாயெடுத்தார். குழவி கையிலிருந்து நழுவியது.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எதிரே நாச்சியார் வேர்களை நறுக்கிக்கொண்டிருந்தார். மாசானம் எழுந்து உட்கார்ந்தார்.

“அம்மா, நான் ரெண்டாவதைக் குடுத்தேனே. அந்நேரம் முதல் உருண்டை என்ன செஞ்சுக்கிட்டு இருந்துது?”

நாச்சியார் நிமிரவில்லை.

“வந்துக்கிட்டு இருந்துது.”