வாய் மூடிய கைபேசி

அந்தக் காலத்தில் கைபேசிகளுக்கு வாய் இருந்தது. யார் அழைத்தாலும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். அழைப்பு வராத நேரத்திலாவது சும்மா இருக்குமா? இருக்காது. ஊர்க்கதை முழுக்கப் பேசும்.

கடற்கரையூர் ஒன்றில் அமலோற்பவம் தனியாக இருந்தாள். ஒரே மகன் சவேரியானுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. கப்பல் கரையோரமாகக் கடக்கும் அரை மணி நேரம்தான் சிக்னல். அதை விட்டால் ஆறு மாதம் அவன் குரல் கிடையாது. வேறு யாரும் அவளை அழைப்பதில்லை. கைபேசியோடு பேசிப் பேசித்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

இயேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளி வந்தது. அன்று கோயில் மணி அடிக்காது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். மறுநாள் இரவு உயிர்ப்புப் பூசையில்தான் மணி திரும்ப ஒலிக்கும். மணியே அடங்கியிருக்கும்போது இந்த வாயாடி கத்தினால் ஊர் சிரிக்காதா?

“மணி அடிக்கிறவரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

“சவேரி கூப்பிட்டா?”

“அவன் கப்பல் அடுத்த வாரம்லா வருது. பண்ணு.”

பண்ணியது. துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

கப்பல் முந்திக்கொண்டது. சிலுவையை முத்தமிட அவள் வரிசையில் நின்றபோது சவேரியான் அழைத்தான். சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல் கைபேசிக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. துண்டுக்குள் நடந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் மணி அடித்ததும் கைபேசி அழுதது. “யம்மா, நேத்து சவேரி கூப்பிட்டான். மூணு தடவ.”

பதறிப்போய் அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே போயிருந்தான்.

“ஏன் சொல்லல?”

“சத்தியம் வாங்குனியளே. நடுங்கிக்கிட்டேதான் கெடந்தேன்.”

தன் மேல் வந்த கோபத்தை அவள் அதன் மேல் கொட்டினாள். “இனிமே நீ பேசவே வேண்டாம், போ!”

சொன்ன சொல் தட்டாத பிறவி அது. அதோடு பேச்சை விட்டது. அதைப் பார்த்து மற்ற கைபேசிகளும் வாயை மூடிக்கொண்டன.

“கோவத்துல சொல்லிட்டேன்யா. ஒரு வார்த்த பேசு” என்று கெஞ்சிப் பார்த்தாள். பேசவில்லை. வீடு வெறிச்சோடிப் போனது. துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அதை மடியிலேயே செருகிக்கொண்டாள். சோறு வடிக்கையில் அது நடுங்கியது போலிருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்ப்பாள். யாரும் அழைத்திருக்க மாட்டார்கள்.

அன்று முதல்தான் வாயடைத்து வைத்த கைபேசி அழைப்பு வந்தால் நடுங்குகிறது. யாருமே அழைக்காத நாளிலும், அது நடுங்கியதாக நினைத்து நாம் எடுத்துப் பார்க்கிறோம்.